கிடாய் தின்ற கீரை

எங்கள் வீட்டுப் பின்புறப் பொடக்காளியில், கிணற்றடிக்குப் பின்னால், ஒரு முருங்கை மரம் நின்றது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் அதன் தழையெல்லாம் ஒரு மேச்சேரிக் கிடாய்க்குப் போயிற்று. கிடாய் என் மகளுக்காக நேர்ந்துவிட்டது.

மல்லசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். அந்தக் கோடையில் ஊரெல்லாம் தட்டம்மை. இரண்டு வயது முடிந்திருந்த என் பெண்ணுக்கும் போட்டது. பிள்ளை பிழைத்தால் கிடாய் வெட்டுவதாக மாரியம்மனிடம் என் மாமியார் வேண்டிக்கொண்டார். அம்மை இறங்கியது. ஆனால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

பால் மந்தம் என்றார்கள், நிறுத்தினார்கள். முட்டை சூடு. கீரை கொடுத்தால் கழியும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் மிஞ்சியது ஜவ்வரிசிக் கஞ்சி ஒன்றுதான். என் வீட்டுக்காரர் சேலத்தில் புதிதாக வந்த ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் முதல் தரமாகப் பார்த்துத் துண்டில் கட்டிக்கொண்டு வருவார். மண்ணுக்குள் கிடந்த குச்சிக்கிழங்கிலிருந்து வந்தது என்றால் நம்ப முடியாது, அத்தனை வெளுப்பு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது. காட்டு வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் ராகிக் களியும் கீரையும் தின்றுவிட்டு வரப்பில் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வேளையும் வெள்ளைக் கஞ்சி.

பொழுது சாய்ந்தால் குழந்தை சுவரைத் தடவ ஆரம்பித்தாள். எதிரில் வைத்த டம்ளரைத் தாண்டிக் கை போகும்.

"ஏஞ்சாமி, டம்ளரைக் காக்கா தூக்கீட்டுப் போயிருச்சா?" என்று கொழுந்தனார் கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் குழந்தையின் கையைப் பிடித்து டம்ளரில் வைத்தேன்.

என் அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ராசிபுரம் போய் பஸ் ஏறி, சேலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த நர்சம்மா குழந்தையின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"கண்ணு காஞ்சுக்கிட்டு வருதும்மா. தினம் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை மசிச்சுக் குடு. முட்டையில மஞ்சக்கரு, ஆட்டு ஈரல், எது கிடைச்சாலும் குடு. ஜவ்வரிசி வெறும் மாவு, அதுல ஒண்ணுமில்ல. தள்ளிப்போட்டா அப்புறம் யார் வந்தாலும் ஆகாது."

வீடு திரும்பியதும் கிடாய்க்கு ஒடித்துப் போட்டிருந்த கொப்பிலிருந்து ஒரு பிடி உருவினேன். வேகவைத்து, மசித்து, சோற்றில் பிசைந்து ஊட்டினேன். குழந்தை சப்புக்கொட்டித் தின்றாள். எத்தனை நாளாயிற்றோ அவள் அப்படித் தின்று!

மறுநாள் காலையில் பச்சையாக வெளிக்குப் போனாள். அதற்கு முன்பும் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தப் பச்சை நிறம் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

"மாரியாத்தா உட்டுட்டுப் போன உசுரை நீ கீரையப் போட்டுக் கொல்லப் பாக்கறயா, புள்ள?" என்று மாமியார் தலையிலடித்துக்கொண்டு அழுதார். அவர் கெட்டவர் அல்ல. பெற்றதில் இரண்டை வயிற்றுப்போக்கில் பறிகொடுத்தவர். அந்தப் பயத்தோடு யார் வழக்காட முடியும்?

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். "ஏனுங்க, கண்ணு போயிருமுன்னு நர்சம்மா சொல்றாங்க."

"உசுரு இருந்தாத்தானே கண்ணு? மொதல்ல தேறட்டும், பொறவு குடுத்துக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஜவ்வரிசியை அடுக்குப் பானையில் கொட்டினார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று ஊரில் எல்லாருக்கும் பேசத் தெரியும். பேசத்தான் தெரியும். அதன்பின் குழந்தைக்கு ஊட்டும் வேலை என் கையை விட்டுப் போயிற்று. மாமியாரே மடியில் போட்டுக்கொண்டு, ஊதி ஊதி, அவ்வளவு பிரியமாகக் கஞ்சி புகட்டுவார். நான் முருங்கைக் கொப்பை ஒடித்துக் கிடாய்க்குப் போடுவேன். அது கொழுகொழுவென்று வளர்ந்தது. இருட்டினாலும் தழை இருக்கும் இடத்துக்கு நேராக வரும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழந்தையின் வலது கண்ணில் முதலில் வெள்ளை விழுந்தது. இடது கண்ணிலும் விழ ஆரம்பித்தபோது வயிற்றுப்போக்கு நின்றுவிட்டிருந்தது. பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று கோயிலில் கிடாயை வெட்டினார்கள். ஈரலைத் தனியாகச் சுட்டு ஆண்பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டார்கள். கூச்சத்தை விட்டுப் போய், குழந்தைக்கு ஒரு துண்டு கேட்டேன்.

"நோவுல கெடந்த புள்ளைக்கு அது செரிக்காதுங்க" என்றார் கொழுந்தனார். அவர் வாயில் ஈரல் இருந்தது.

ஆறு மாதம் கழித்துக் கீரை கொடுக்கலாம் என்று வீட்டில் சம்மதித்தார்கள். கொடுத்தேன். மஞ்சள் கரு கொடுத்தேன், ஈரல் கொடுத்தேன். எதுவும் ஆகவில்லை. வெள்ளை வெள்ளையாகவே நின்றது.

இப்போது எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்வது என் மகள்தான். விரலால் தடவியே உருவுவாள், ஒரு காம்பு கூட இருக்காது. பிறகு தன் தம்பியை மடியில் உட்காரவைத்து, வாய் எங்கே என்று தொட்டுப் பார்த்து ஊட்டுவாள்.

"தின்னு சாமி, கண்ணு நல்லாத் தெரியும்" என்பாள். யார் சொல்லித் தெரிந்துகொண்டாள் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.