தம்பியின் சர்க்கரையும் என் வாயும்

தம்பிக்குச் சர்க்கரை வந்த வருஷம்தான் நான் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவனுக்குத் திடீரென்று அதட்டுவதற்கு ஆளில்லாமல் போயிற்று. தம்பி கிடைத்தான். சங்கரன்கோவிலில் எட்டு விசைத்தறி வைத்திருந்தான். வீடு எனக்கு அடுத்த தெரு. அவன் என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்க வேண்டும் என்பதையெல்லாம் நானே முடிவு செய்தேன். அக்கறை என்றுதான் நினைத்தேன். அதிகாரம் பண்ணும் சுகமும் அதில் இருந்தது.

புளியங்குடியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பாயச வாளியோடு வந்தவரிடம், "அந்த இலைக்கு வைக்காதீரும், அது சுகர் கேஸு" என்றேன். வரிசை முழுக்கச் சிரிப்பு. எதிர்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, சோத்தையும் எண்ணிப் போடச் சொல்லுங்க" என்றார். தம்பியும் சிரித்தான். மோர் வருமுன் இலையை மூடிவிட்டு எழுந்துபோனான்.

பிறகு எந்த விசேஷத்துக்கும் அவன் வரவில்லை. நாக்கைக் கட்டப் பழகிவிட்டான் என்று மெச்சிக்கொண்டேன். தறிக்குப் போவதையும் குறைத்தான். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சர்க்கரைக்காரனுக்கு அசதி இருக்கத்தான் செய்யும் என்றேன். ஆனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது.

"ஒளிச்சு வச்சுத் திங்குதான். நீதான் கண்டிக்கணும்" என்று அவன் மனைவியிடம் சொன்னேன்.

"அவுக சோறே ஒழுங்கா திங்கலையே அத்தான். உறக்கமும் இல்ல. மாத்திரையக் கையில குடுத்தா அப்படியே வச்சிக்கிட்டு உக்காந்திருக்காக."

நான் நம்பவில்லை. மறுநாள் காலையில் வற்புறுத்தி அவனை ரயில் நிலையம் வரை நடக்கக் கூட்டிப்போனேன். பாதி வழியில் நின்றுவிட்டான்.

"அண்ணே, எனக்கு எதுவுமே வேண்டாம்போல இருக்கு."

"நடக்கதுக்கு மடி. அதுக்கு இப்படி ஒரு சாக்கு. வாலே."

வந்தான்.

சில மாதம் கழித்து, கெட்ட வாடை அடித்தபோதுதான் அவன் மனைவி வலது காலில் இருந்த புண்ணைப் பார்த்தாள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள். அது போதாமல் பாதத்தில் பாதியையும் எடுத்தார்கள். புண் இருப்பது அவனுக்கு ஒரு மாதமாகவே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "சொல்லி என்ன ஆகப்போகுது" என்றான்.

டாக்டரம்மா என்னை வெளியே அழைத்தார். "இவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கு. சர்க்கரை உள்ளவங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். வந்துட்டா மாத்திரை, சாப்பாடு, நடை எல்லாத்தையும் விட்டுருவாங்க, சர்க்கரை இன்னும் ஏறும். ஒண்ணு இன்னொண்ணை வளர்க்கும். முன்னாலேயே தெரிஞ்சிருந்தா வைத்தியம் பார்த்திருக்கலாம். உங்ககிட்ட எதுவுமே சொன்னதில்லையா?"

"இல்லை" என்றேன்.

அறுபத்தைந்து வயதில், படித்தவன், கூசாமல் பொய் சொன்னேன். அவன் சொன்னான். நடுரோட்டில் நின்று, அவனால் முடிந்த அளவுக்குத் தெளிவாகவே சொன்னான். பந்தியில் நான் பேசியதைக்கூட வாய்க்கொழுப்பு என்று தள்ளிவிடலாம். இதை எங்கே தள்ளுவது?

இப்போது மனநல மருத்துவரிடமும் போகிறான். சர்க்கரை இறங்கியிருக்கிறது. அவனுக்கென்று செய்த செருப்பைப் போட்டுக்கொண்டு, காலையில் இரண்டு மணி நேரம் தறிக்கூடத்தில் உட்காருகிறான். போன வாரம் அங்கே போனேன். டாக்டரம்மாவிடம் நான் மறைத்ததை அவனிடம் சொன்னேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் ஓடுகிற தறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப மனசு எப்படிலே இருக்கு?" என்றேன்.

"அதை டாக்டர்ட்ட சொல்லிக்கிடுதேண்ணே. நீங்க வீட்டுக்குப் போங்க."

குரலில் கோபம் இல்லை. சொல்ல ஓர் ஆள் கிடைத்திருக்கிறது அவனுக்கு. அந்த ஆள் நானில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.