சாமித்தட்டில் இருந்த தாள்

சண்முகலிங்கம் அண்ணை பயப்படுவதற்கென்றே பிறந்தவர். கனடாவில், ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பாண் பேக்கரி ஒன்றில் வேலை. வேலைக்குப் போகுமுன் அடுப்பை மூன்று தரம் பார்ப்பார், கதவை நாலு தரம் இழுத்துப் பார்ப்பார், பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு கதவைப் பூட்டினேனா என்று யோசிப்பார். நான் மன்னார்க்காரன், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். அவரைப் பகிடி பண்ணாமல் எனக்கு ஒரு நாள் போகாது. ஆனால் 2007 ஓகஸ்டில் அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பகிடி மறந்து போயிற்று.

அவருடைய ஒரே மகள் வினோஜா சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தாள். மாட்டு நோய்களைப் பற்றி ஆராய, பரிமாற்ற மாணவியாக ஒரு வருடம் அமெரிக்காவுக்குப் போக இடம் கிடைத்தது. அண்ணை 98இல் அகதியாக வந்தவர், கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டார். பிறகு அவர் கூப்பிட்டு வந்த மனைவி சிவநேசமும் மகளும் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். ஆகவே அவள் விசாவுக்கு விண்ணப்பித்து நேர்முகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே கேட்டார்கள், படிப்பு முடிந்ததும் திரும்பி வருவாயா என்று. வருவேன் என்றாள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து கிழமை ஒரு தகவலும் இல்லை. அண்ணை தபால்பெட்டியைக் காலையும் மாலையும் திறந்து பார்த்தார், ஞாயிற்றுக்கிழமையும் திறந்து பார்த்தார். சிவநேசம் அக்கா விரதம் பிடித்தார். நானும் யாருக்கும் சொல்லாமல் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். கடைசியில் பாஸ்போர்ட் விசாவோடு வந்தது.

விசா மட்டும் போதாது. அந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்து வைத்து அனுப்பிய தாள் ஒன்று உண்டு. எல்லையில் அதன் மூலப்பிரதியைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பலாம். அண்ணை அதற்குக் கலரில் மூன்று நகல் எடுத்து மகளுடைய ஃபைலில் வைத்தார். மூலப்பிரதியைப் பழுப்பு உறைக்குள் போட்டு, பயணத்துக்கு முதல் நாள் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்கு முன் வைத்தார். காலையில் எடுத்துக் கொடுப்பது திட்டம்.

காலையில் கூடப் படிக்கும் கௌரி, பிள்ளையை நகரத்துப் பஸ் நிலையத்தில் இறக்கிவிடக் காரோடு வந்து நின்றாள். பெட்டி ஏற்றுகிற அவதியில் எல்லோருக்கும் உறை மறந்து போயிற்று. வினோஜா ஃபைலைத் திறந்து பார்த்தாள், தாள் இருந்தது, மூடினாள். அது நகல்.

ஏழு இருபதுக்கு என் கதவு தட்டப்பட்டது. அண்ணை கையில் உறையோடு நின்றார். முகத்தில் இரத்தமில்லை.

"எப்ப கண்டனீங்கள்?" என்றேன்.

"அவள் படி இறங்கேக்கை."

"பிறகேன் கூப்பிடேல்லை?"

"வெளிக்கிட்ட பிள்ளையைப் பின்னாலை நிண்டு கூப்பிடக் கூடாது, யோசெப்பு. போற காரியம் பிழைச்சுப் போகும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கார் போய் அரை மணித்தியாலம். அதுவரை என்ன செய்தாராம்? அவளாய்த் திரும்பி வருவாள் என்று யன்னலடியில் காத்து நின்றாராம். போன் எடுக்கலாமே என்றால், அமெரிக்காவில் வேலை செய்யாது என்று பிள்ளை போனைத் தாயிடம் கொடுத்துவிட்டாள். கௌரியின் நம்பர் ஒருவருக்கும் தெரியாது.

எட்டு மணி பஸ். காலை நெரிசலில் நகரத்துக்குள் போய் அதைப் பிடிக்க முடியாது. "நேரை லக்கோல் எல்லைக்குப் போவம். பஸ் அங்கை நிக்கத்தானே வேணும்" என்றேன். அண்ணை என் வான் வண்டிக்குள் வைத்த காலை ஒரு தரம் எடுத்துவிட்டுத்தான் ஏறினார்.

அவர் ஏன் தயங்கினார் என்று சம்ப்ளேன் பாலம் தாண்டும்போது சொன்னார். 98 மாசியில், ஏஜென்சிக்காரன் கொடுத்த யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட்டில் நியூயோர்க்கில் இறங்கி, அங்கிருந்து இதே லக்கோலுக்கு வந்து தஞ்சம் கேட்டவர் அவர். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

"முந்தி அமெரிக்காவுக்கு வந்தனியோ எண்டு கேட்டால் என்ன சொல்ல?"

"இல்லையெண்டு சொல்லுங்கோ."

"நான் பொய் சொல்லி, அது கொம்பியூட்டரிலை அவளின்ரை பேரோடை ஒட்டிப்போட்டால்?"

நான் வேகத்தைக் கூட்டினேன். எல்லைக்குப் பத்து கிலோமீற்றர் இருக்க முன்னால் பஸ் தெரிந்தது. நான் ஹோர்னில் கை வைத்தேன்.

"அடிச்சுப்போடாதை" என்றார் அண்ணை. "பின்னாலையிருந்து வேண்டாம். முந்திப் போய் எதிரை நிப்பம்."

இந்த மனிதரைத் திருத்த முடியாது என்று நினைத்துக்கொண்டு முந்தினேன்.

அமெரிக்கப் பக்கத்துச் சோதனைக் கூண்டில் இருந்த அதிகாரி முதல் கேட்டதே, எங்கே போகிறீர்கள் என்றுதான். எங்கள் ஆட்கள் வெளிக்கிடுகிறவரிடம் வாயால் கேட்காத கேள்வி. அண்ணை உறையை எடுத்துக் காட்டினார். மகளுக்கு ஒரு தாள் கொடுக்க என்றார். முன்பு வந்ததுண்டா என்று அடுத்த கேள்வி வந்தது.

"ஓம்" என்றார் அண்ணை. பிறகு ஆங்கிலத்தில், அந்த மாசி மாதத்தை ஒன்றும் விடாமல் சொன்னார்.

எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணையின் குடியுரிமை அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு வாங்குப் பலகையில் இருத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ் பயணிகள் வரிசையாக வந்தார்கள். வினோஜாவின் முறை வந்தது. ஃபைலைத் திறந்து தாளை நீட்டினாள். அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது நகல், மூலம் எங்கே என்றார். பிள்ளை பெட்டியை நிலத்தில் கவிழ்த்தாள். உடுப்புகளுக்குள் தேடினாள். நிமிர்ந்தபோதுதான் தகப்பனைக் கண்டாள்.

அண்ணை எழும்பி உறையைத் தலைக்கு மேல் பிடித்தார். ஒரு அதிகாரி அதை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

"அப்பா, உங்களை ஏன் இருத்தி வச்சிருக்கினம்?"

"சும்மா, பதிய. நீ பஸ்ஸைப் பார்."

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அதே நேரம் அண்ணையிடம் ஒரு அதிகாரி குனிந்து, நிதானமாக, வேறு ஆளின் பாஸ்போர்ட்டில் வந்தபடியால் அவர் இனி இந்த நாட்டுக்குள் வர முடியாது என்று சொன்னார். அண்ணை தலையாட்டினார். மகள் இருக்கப் போகிற இடத்தை அவர் ஒரு நாளும் பார்க்க மாட்டார். கதவைத் தள்ளி அவள் ஒரு கால் வெளியே வைத்துவிட்டாள்.

"வினோ" என்று கூப்பிட்டார்.

மண்டபம் முழுக்கத் திரும்பியது. பிள்ளை பெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்னப்பா?"

அண்ணை அவள் தலையில் கை வைத்தார். "ஒண்டுமில்லை. பாக்க வேணும் போலை இருந்துது. போட்டு வா." அண்ணை அழுது நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

மத்தியானம் அவர் கையில் அந்தத் தடையை எழுதிய ஒரு தாளைக் கொடுத்து எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதை அவர் சாமித்தட்டில் வைக்கவில்லை, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை, போனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். பின்னால் கூப்பிட்டுவிட்டேனே, கூப்பிட்டுவிட்டேனே என்று இருபது தரம் சொல்லியிருப்பார். இரவு ஏழு மணிக்குப் போன் அடித்தது. "வந்து சேந்திட்டன் அப்பா."

இப்போது நான் அவர் வீட்டிலிருந்து வெளிக்கிட்டால், படி இறங்கிப் பாதி வழியில் பின்னால் குரல் வரும்.

"யோசெப்பு, நில். எல்லாம் எடுத்தனியோ?"