லேத் நின்ற பிறகு

பேனாக்காரர் என்றால் தெருவுக்கே தெரியும். கடல்தாண்டி வரும் இறுகிய மரங்களைத்தான் கடைவார். தண்ணீரில் போட்டால் கல்லுமாதிரி அடியில் போய் உட்காரும் ரகம். விரல்நீளக் கட்டையில் துளைபோட்டு, பித்தளைக் குழாயைச் செருகி, லேத்தில் சுழலவிட்டு உளியை வைத்தாரானால் பளபளவென்று பேனா வந்துவிடும். அந்த மரங்களில் கொகோபோலோ என்று ஒரு சிவப்பு ரகம். தூசி பட்டாலே தோல் தடித்துப்போகும். அதற்குக் ‘கோபக்காரி’ என்று பெயர் வைத்திருந்தார்.

“அப்ப வீட்ல ரெண்டு பேர்னு சொல்லுங்க” என்பாள் மனைவி.

லேத் ஓடும்வரை மாஸ்க்கைக் கழற்றமாட்டார். நின்றதும் ஆணியில் மாட்டிவிடுவார். இந்த வேலைக்காரர்களுக்கே உள்ள புத்தி அது: மிஷின் நின்றால் தூசியும் நின்றது. எங்கே நின்றது? கண்ணுக்குத் தெரியாத பொடி மணிக்கணக்கில் அந்தரத்தில் மிதக்கும். அவர் காற்று வாங்க வெளியே போவார். மனைவி துடைப்பத்தோடு பட்டறைக்குள் வருவாள். இப்படிப் பதினோரு வருஷம்.

அவளுக்கு இருமல் முற்றியபோது டாக்டர் அவரிடம் கேட்டார், வீட்டில் தூசி ஏதும் உண்டா என்று.

“அவ பட்டறைப் பக்கமே வரமாட்டா சார்.”

பட்டறையை மூடச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். பாவி மனுஷன், உண்மை மட்டும் வாயில் வரவில்லை! வைத்தியம் வேறு எதற்கோ நடந்தது. ஏழாம் மாதம் போய்ச் சேர்ந்தாள்.

அதிலிருந்து லேத்தை நிறுத்தினால் போதும், பட்டறைக்குள் இருமல் கேட்கிறது. சின்னதாய் இரண்டு, அப்புறம் இழுத்து ஒன்று. ஓடும்போது கேட்காது. அதனால் கட்டையே மாட்டாமல் வெறும் லேத்தை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பைத்தியம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

விடுமுறைக்கு வந்த மகள், ஒரு மத்தியானம் லேத் நின்றதும் துடைப்பத்தோடு உள்ளே போனாள். வெளியே நின்றவர் காதில் இருமல் விழுந்தது. இது நிஜ இருமல். விழுந்தடித்து ஓடி, அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“உள்ள போகாதம்மா! உங்கம்மாவைக் கொன்னதே இந்தத் தூசிதான். டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன். இன்னமும் அவ இருமல் எனக்குக் கேக்குது.”

சொல்லிவிட்டு, அவள் காறித் துப்பட்டும் என்று காத்து நின்றார்.

“நீங்க மருந்து வாங்கப் போனப்ப, டாக்டர் அம்மாகிட்டயும் கேட்டார்ப்பா. அம்மாவும் இல்லைன்னுதான் சொன்னாங்க. ‘வேலை போச்சுன்னா அந்த மனுஷன் உடைஞ்சிடுவார்’னு என் கையை அழுத்திப் பிடிச்சாங்க. நானும் வாயைத் திறக்கல.”

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“லேத் நின்னா எனக்கும் கேக்குதுப்பா” என்றாள்.