சாச்சாவின் காரும் என் கதவும்

பிள்ளைகளா, ஒவ்வொரு பெருநாளைக்கும் உங்கள் சாச்சா அந்தக் கார் கதையைச் சொல்வார். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். நானும் சிரிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வெற்றிலை துப்பப் போகிறவன் போல எழுந்து போய்விடுவேன். அந்தக் கதையில் செத்த காரை எழுப்பியவர் அவர். நான் வருவது சிரிப்புக்குத்தான், கடைசியில் தெரு தப்பிப் போனவனாக. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பாதியை விட்டுவிடுகிறார். அந்தப் பாதியை நான் எழுதி வைக்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி போகவேண்டும். உங்கள் உம்மாவைக் கட்டி நான் அந்த வீட்டுக்குப் போனபோது மருமகன் என்று நான் ஒருத்தன்தான். ஒரே சகனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு. மாமி அந்தப் பெரிய தட்டைக் கொடுத்தனுப்பும்போதே மீனின் நடுத்துண்டு என் பக்கம் பார்த்து இருக்கும். மாமா, அதுதான் உம்மாவின் வாப்பா, எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். சில வருஷம் கழித்து உம்மாவின் தங்கையை, அதுதான் உங்கள் சாச்சியை, கட்டிக்கொண்டு சாச்சா வந்து சேர்ந்தார். கொழும்பில் ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தவர். கையில் கடிகாரம், தலையில் வாசனை எண்ணெய், வாயில் பேச்சு. அந்த வாரமே நடுத்துண்டு அவர் பக்கம் திரும்பிவிட்டது.

வீட்டுக் கொல்லையில் ஓலைக் கொட்டகைக்குள் ஒரு பழைய இங்கிலீஷ் கார் கிடந்தது. மாமாவுக்குக் கொழும்பில் கடை இருந்த காலத்தில் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தது. அங்கே போய்வர பாஸ்போர்ட்டு அது இது என்று கேட்க ஆரம்பித்ததும் மாமா கடையை விற்றுவிட்டு வந்துவிட்டார். காரும் படுத்துவிட்டது. உப்புக்காற்றில் தகரம் அப்பளம் போல ஆகிவிட்டது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக் குஞ்சே பொரித்துவிட்டது.

தன் மகனுக்கு நிக்காஹ் முடிவானதும் மாமா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"எம்மகன் இந்த வீட்டை விட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போறது இந்தக் காருலதான் போகணும். மாப்பிள்ளமாரு ரெண்டு பேரு இருக்கீக. பாருங்க."

இரண்டு பேர் என்றுதான் சொன்னார். ஆனால் கண் சாச்சா மேல் இருந்தது. அப்போதே என் மனசில் ஒன்று விழுந்துவிட்டது. அந்தக் காரை மாமாவின் மகனை வைத்து நான்தான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். மூத்த மருமகன் யார் என்று ஊர் பார்க்கவேண்டும்.

சாச்சா இஞ்சினை எடுத்துக்கொண்டார். எனக்கு இஞ்சின் தெரியாது. எங்கள் வாப்பா தோணி கட்டியவர், எனக்குத் தெரிந்தது மரமும் தோணிப் பாயும். அந்தக் காலத்துக் காரெல்லாம் முழுக்கத் தகரம் என்று நினைக்காதீர்கள். தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம்தான் எலும்பு. கழற்றிப் பார்த்தால் கரையான் தின்ற தூள் கொட்டியது. தோணிக்கு விலா வைக்க வளைந்த கருவேலங்கொப்பாகத் தேடி எடுப்போம் இல்லையா, அதே மாதிரி தேடி வந்து கூரை வளைவை இழைத்தேன். கதவு நாலுக்கும் பூவரசு. மேலே மூடுகிற படுதாவைப் பாய்த்துணியில் பாய் ஊசியால் தைத்தேன்.

அவர் வேலை செய்தால் சத்தம் கேட்கும். சுத்தியல் சத்தம், பெட்ரோல் வாசனை, கரி பிடித்த கை. தெருப் பையன்கள் சுற்றி நிற்பார்கள். என் வேலை தகரத்துக்குள்ளே போய் ஒளிந்துகொள்ளும். மேலே ஆணி அடித்துவிட்டால் அப்படி ஒன்று இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

முதல் தடவையாக இஞ்சின் இருமிக்கொண்டு ஓட ஆரம்பித்த அன்றைக்குத்தான் நானும் கடைசிக் கதவை மாட்டி முடித்தேன். மாமா சீனி வாங்கிவரச் சொல்லித் தெருவுக்கே கொடுத்தார். நான் மாமா பக்கத்தில் போய் நின்று கதவைத் திறந்தேன், மூடினேன். டக் என்று ஒரே சத்தத்தில் உட்கார்ந்தது. கவனிக்கவில்லையோ என்று மறுபடியும் திறந்து மூடினேன்.

"என்ன மாப்பிள்ள, டக்கு டக்குன்னுக்கிட்டு? செத்த நிறுத்துங்க, இஞ்சின் சத்தத்தக் கேட்போம்" என்றார் மாமா.

அன்றைக்கு ராச்சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. நடுத்துண்டு என் பக்கம் இருந்திருந்தாலும் இறங்கியிருக்காது.

இன்னொன்றையும் சாச்சா சொல்வார். அது உண்மை. உப்புக்காற்றுக்கு மரம் கெடாமல் இருக்க தோணிக்குச் சுறா எண்ணெய் பூசுவோம். நானும் அந்தச் சட்டம் முழுக்க மரம் குடிக்கக் குடிக்கப் பூசினேன். தோணியென்றால் வெயிலும் கடலும் அந்த நாற்றத்தைக் கொண்டுபோய்விடும். காரோ மூடின பெட்டி. மறுநாள் விடிந்து பார்த்தால் தெருவிலுள்ள பூனையெல்லாம் காரைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. மாமி உள்ளேயிருந்து சாம்பிராணிச் சட்டியை அனுப்பிக்கொண்டே இருந்தார். நாற்றம் போகவில்லை.

"காக்கா, மாப்பிள்ளைக்கு மாலை வேணாம், வலை போதும்" என்றார் உங்கள் சாச்சா. அண்ணன் முறை என்று என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். மாமா கூடச் சிரித்தார்.

நிக்காஹ் அன்றைக்குக் காலையில் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். "மாமா, பாதித் தூரமாவது நான் ஓட்டுறேனே. சுக்கான் பிடிச்ச கைதானே."

மாமா வாயைத் திறப்பதற்குள் சாச்சா, "காக்கா, தோணிக்குப் பிரேக் கிடையாது" என்றார்.

மாமா யோசித்துவிட்டு, "சின்ன மாப்பிள்ளையே ஓட்டட்டும். லைசென்சும் அவருகிட்டதான இருக்கு. நீங்க பக்கத்துல உக்காந்து ஆரனை அமுக்குங்க" என்றார்.

ரப்பர் உருண்டை ஆரன். அமுக்கினால் வாத்து போலக் கத்தும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு அதைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். பின் சீட்டில் கல்யாண மாப்பிள்ளை அத்தர் நனைத்த கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் தஃப் அடித்து பைத்துப் பாடுகிறவர்கள். அவர்கள் நடைக்குத்தான் கார் போகவேண்டும். வீட்டுக்கு வீடு நிறுத்திப் பன்னீர் தெளிக்கிறார்கள், சர்பத் கொடுக்கிறார்கள். மறுக்க முடியாது. இரண்டு அடி போவதும் நிற்பதுமாக இருந்தால் அந்த இஞ்சின் என்ன செய்யும்? பள்ளிவாசலைத் தாண்டியதும் காரின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. குபுகுபு என்று கொதித்து அப்படியே நின்றுவிட்டது. சாச்சா இறங்கி மூடியைத் திறக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் அசையவில்லை. எனக்குள்ளே ஒரு குளிர்ச்சி. மறைக்க மாட்டேன், அந்த ஆவி எனக்குப் பன்னீர் தெளித்தது போல இருந்தது.

பெண் வீட்டில் நிக்காஹ் ஓதி வைக்க ஹஜ்ரத் காத்திருக்கிறார். இளவட்டங்கள் தள்ளுவதற்கு வந்துவிட்டார்கள். சாச்சா சுட்ட கையை வாழைப்பட்டையில் சுற்றிக்கொண்டு நின்றார். மாமா என்னைப் பார்த்தார்.

"ஸ்டியரிங்க ஒருத்தர் பிடிக்கணும்ல. மாப்பிள்ள, நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். பிஸ்மி சொல்லிப் பிடித்தேன். பின்னாலிருந்து தோணி தள்ளுகிற பாட்டை எடுத்துவிட்டார்கள். சத்தமில்லாமல், ஆடாமல், நிறைந்த தண்ணீரில் போவது போலக் கார் போயிற்று. இரண்டு பக்கமும் பார்த்தேன். வாசலில் நின்ற சனமெல்லாம் என்னைப் பார்த்தது. சாச்சா ஓரமாக நடந்து வந்தார். ஊர் கண்ணுக்கு மூத்த மருமகன் யார் என்று அன்றைக்குத் தெரிந்தது.

தெருமுனை வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். பெண் வீடு இடது பக்கம். தோணியில் இடது பக்கம் திரும்பவேண்டுமென்றால் சுக்கான் பிடியை வலது பக்கம் தள்ளவேண்டும். சின்ன வயதிலிருந்து பழகிய கை அது. முனை வந்ததும் நான் நினைப்பதற்கு முன்னாலேயே கை வலது பக்கம் வளைத்துவிட்டது. தள்ளுகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பாடுகிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். கார் வலது சந்துக்குள் புகுந்து ஒரு வீட்டுச் சுவரில் போய் முட்டி நின்றது.

அந்த வீட்டுக்காரர் இடுப்புச் சாரத்தைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். மாலை போட்ட மாப்பிள்ளையைப் பார்த்தார். "வாங்க, வாங்க. ஆனா எங்க வீட்டுல ரெண்டும் ஆம்பளப் பிள்ளைகளாச்சே" என்றார்.

"காக்கா, நேரா கடலுக்கே கொண்டுபோறீகளோன்னுல நினைச்சேன்" என்று சாச்சா சொன்னதும் தெருவே சிரித்தது. மாப்பிள்ளை இறங்கி நடந்தே போனார்.

சாச்சாவின் கதை இங்கே முடிந்துவிடும். அவர் விட்டது இதுதான். முன் மட்கார்டு தாளைக் கசக்கினது போலப் போயிருந்தது. ஆனால் மாப்பிள்ளை இறங்கும்போது கதவு எப்போதும் போலத் திறந்தது. மூடினேன். டக். சட்டம் ஒரு மயிரிழை கூட விலகவில்லை. அந்தக் கூட்டத்தில் அதைக் கேட்க யாருக்கும் காது இல்லை.

மறுவருஷம் மாமா காரை விற்றார். ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம் நெல் வயல்காரர் ஒருவர் பார்க்க வந்தார். சுற்றி வந்தார், மூக்கைச் சுளித்தார், பிறகு கதவைத் திறந்து மூடினார். மறுபடியும் திறந்து மூடினார்.

"கதவு வேலை யாரு செஞ்சது?"

ஒரு அடி முன்னால் வந்தேன். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

"எல்லாம் எங்க சின்ன மாப்பிள்ள எழுப்புன வண்டிதான்" என்றார் மாமா. வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் வாயில் அப்படித்தான் வரும்.

அப்போது உள்கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் உம்மா குரல் கொடுத்தாள். அந்நிய ஆண்பிள்ளை நிற்கும்போது மூச்சு விடுகிற சத்தம் கூட வெளியே வராத வீடு அது. "கதவு எங்க வீட்டுல அவுக செஞ்சது!" என்று சத்தமாகவே சொன்னாள்.

அதே நேரத்தில் சாச்சா ஹேண்டிலைச் சுழற்றி இஞ்சினை ஓடவிட்டார். படபடவென்று கொல்லை அதிர்ந்தது. வயல்காரர் கதவை விட்டுவிட்டு இஞ்சின் பக்கம் போய்விட்டார்.

உம்மா சொன்னது எனக்குக் கேட்டது. அது போதும் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்த மனிதர் காதில் விழுந்திருக்கலாமே என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. அடுத்த பெருநாளைக்குச் சாச்சா கதையை ஆரம்பித்தால், உங்களில் யாராவது ஒருத்தர் கதவைப் பற்றிக் கேளுங்கள்.