அம்மாவின் பைமேல் பூட்டிய கம்பி

நான் மலைக்கிராமமான மாரமங்கலத்துக்காரி, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் அம்மாவை, சமவெளியில் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் காடு போல அமைத்துப் புதிதாகத் திறந்த பகுதிக்குக் கூட்டிப் போயிருந்தேன்.

அங்கே ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்ததும் வழக்கம்போல் சரிபார்த்தேன். பெல்ட் சரி. மடிமேல் இறங்கிப் பூட்டும் என் கம்பி சரி. அம்மாவின் கம்பி மட்டும் உயரமாக நின்றது. தொட்டுப் பார்த்தேன். காபிப் பழம் பறிக்கும்போது கட்டும் பையை இடுப்பில் கட்டி, முந்தானையால் மூடியிருந்தார். உள்ளே தண்ணீர் பாட்டில்.

"லாக்கர்ல வெச்சா தொலைஞ்சிரும் கண்ணு. சும்மா இரு, எல்லாரும் பாக்கறாங்க."

கையைத் தூக்கினேன்.

"லாக் ஆயிருச்சு மேடம்" என்றார் ஊழியர்.

"பை மேல ஆயிருக்குதுங்க. பாட்டில் நகந்தா அம்மா வெளியதான்."

"பயமா இருந்தா ஊட்டுலயே இருக்கறதுதானே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"பயந்தானுங்க. கம்பியத் திறங்க."

திறந்தார்கள். பையை அவிழ்த்ததும் கம்பி இன்னும் ஒரு சாண் இறங்கிப் பூட்டிக்கொண்டது. ஊழியர் முகம் வெளுத்துவிட்டது.

இப்போது எந்த ராட்டினத்திலும் அம்மாவின் இடுப்பைத் தடவிப் பார்த்த பிறகே உட்கார்கிறேன். சந்தேகம் வந்தால் கை தூக்குகிறேன். கத்துகிறவர்கள் கத்தட்டும்.