இஞ்சினைத் தலைக்குக் குளிப்பாட்டியவன்

தொண்ணூறுகளின் கடைசியில், ஓசூர் கம்பெனியில் ஆயுத பூஜைக்காக முதலாளியின் புதுக் காரைக் கழுவினேன். பக்தி முற்றி, பானெட்டைத் திறந்து இஞ்சினுக்கும் ஹோஸைப் பிடித்தேன். மறுநாள் ஸ்டார்ட் செய்ததும் வண்டி நின்ற இடத்திலேயே குளிர்ஜுரம் கண்டதுபோல நடுங்கியது. அதைவிட நான் நடுங்கினேன்.

"டிரைவர் கர்நாடகா பங்க்ல மட்டமான பெட்ரோல் போட்டிருப்பாருங்க" என்று உளறினேன். முதலாளி டிரைவரை அப்போதே வேலையைவிட்டு அனுப்பினார்.

வரவழைத்த மெக்கானிக் இஞ்சினில் சென்சார் பிளக்கைக் கழற்ற, தண்ணீர் சொட்டியது. "இதுக்குத் தலைக்கு ஊத்துனது யாருப்பா?"

"நான்தாங்க" என்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டு, டிரைவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா, துண்டு எடுத்தாந்து துவட்டியிருப்பேனே சார்!" என்று சிரித்தார்.

எப்போதும் ஜோக்கடித்துக் கம்பெனியையே சிரிக்கவைக்கிற எனக்கு, அன்று சிரிப்பு வரவில்லை.