வயர்லெஸ் சரியானதும் கேட்ட முதல் பேச்சு

எங்க லாரிகளில இருக்கிற வயர்லெஸ் செட்டுல என் வண்டி செட்டு மட்டும் ஒரு வாரமா கரகரன்னு இரைச்சல். பாறசாலை ஆபீசில கேட்டா, "ஆளு வரும்"னு சொன்னாங்க. யாரும் வரல்ல.

இன்னைக்கு எல்லையில, கேரளாவுக்குக் கல் ஏத்திட்டுப் போற எங்க லாரிகளை மறிச்சு தமிழ்நாட்டுக்காரங்க போராட்டம். வண்டியை ஓரமா போட்டுட்டு நானே ரிப்பேர் பாக்க இறங்கிட்டேன்.

பேட்டரி வயரைக் கழட்டிட்டுப் பாத்தா, ஏரியல் வயரோட முனை கடல்காத்து பட்டு பச்சை பிடிச்சுக் கிடக்குது. ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, காயவிட்டு, இறுக்கி மாட்டினேன்.

ஆன் பண்ணினதும் பிஜுவோட குரல். பன்னிரண்டு வருஷமா என்கூட ஓடுற டிரைவர். அவன் கல்யாணப் பந்தியில சோறு விளம்பினவன் நான்.

மத்த டிரைவர்மாருக்கு மலையாளத்தில சொல்லுறான்: மறியல்ல சிக்காம குன்னத்துகால் வழியா போயிரலாம், ஆனா ஸ்டீபன்கிட்ட சொல்லண்டாம், அவன் பாண்டியாக்கும் (தமிழன்னு இளக்காரமா சொல்லுறது), மறியல்காரங்ககிட்ட போய் சொல்லிருவான்.

ஸ்டீபன்னா நான். பிறந்ததே கேரளாவில, அந்தக் குன்னத்துகாலில. அந்த வழியை அவனுக்குக் காட்டிக் கொடுத்தவனும் நான்தான்.

மைக்கை எடுத்தேன். "பிஜு, ஸ்டீபன் பேசுறேன். எனக்கு நல்லா கேக்குது."

மைக்கை மாட்டிட்டு, ரிப்பேர் சாமானை எடுத்து வச்சேன்.

சாயங்காலம் பிஜு சாயாவோட வந்து நிக்கிறான். "எலே, தமாசுக்குச் சொன்னதாக்கும்."

சாயாவை நான் வாங்கல்ல.

அந்தத் தமாசில சிரிக்கவேண்டிய இடம் எதுன்னு தெரிஞ்சவங்க கீழ எழுதுங்க மக்கா. நானும் சிரிச்சுக்கிடுதேன்.